குப்புறப் படுக்க ஒரு விண்ணப்பம்

மலாக்கா பட்டணத்தில் இருந்த ஸ்ரீ அனிச்சம் அழகு மருத்துவ நிலையத்தில், அதிருப்தி அடைந்த வாடிக்கையாளர் என்று ஒருவர்கூட இருந்ததில்லை. நிலையத்தின் இயக்குநர் டாக்டர் புவனேந்திரன் ஏறிய மேடையிலெல்லாம் இதைச் சொல்வார். அது பொய்யும் இல்லை. வாசலில் மூன்று கண்ணாடி ஜாடிகள் வைத்திருந்தார்கள். வெளியே போகிறவர்களிடம் ஒரு பிளாஸ்டிக் பூவைக் கொடுத்து, விருப்பப்பட்ட ஜாடியில் போடச் சொல்வார்கள். முதல் ஜாடியில் ‘மகிழ்ச்சி’ என்று எழுதியிருந்தது. இரண்டாவதில் ‘பெருமகிழ்ச்சி’. மூன்றாவதில் ‘சொல்ல வார்த்தை இல்லை’. நான்காவது ஜாடி கிடையாது. ஆகவே அதிருப்தியும் கிடையாது.

1996ஆம் ஆண்டு தைப்பூசம் முடிந்த வாரத்தில், ஜானகி என்ற பெண், முன்பு சிகிச்சை முடிந்து போனபோது கொடுத்த பூவோடு அந்த ஜாடிகளின் முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு திரும்பி வந்து பூவைக் கவுண்டரில் வைத்துவிட்டு, “வெச்சதை எடுக்கணும்” என்றாள்.

கவுண்டரில் இருந்தவள் தாரணி. வாடிக்கையாளர் மகிழ்ச்சி அதிகாரி என்பது அவளுடைய பதவி. எட்டு மணி நேரமும் சிரித்த முகமாக இருப்பது அந்தப் பதவியின் வேலை.

“என்னக்கா வெச்சுட்டீங்க, பேக்கா?”

“ஆமா, பேக்தான். ரெண்டு.”

“எந்த ரூம்ல வெச்சீங்க?”

ஜானகி தன் நெஞ்சைச் சுட்டிக் காட்டினாள். தாரணியின் சிரிப்பு அப்படியே நின்றது. குறையவில்லை, கூடவுமில்லை. கரண்ட் போன மின்விசிறி மாதிரி நின்றது.

ஜானகி அழகுக்காக அலைந்தவள் இல்லை. அலோர் காஜாவில் ஒரு சீனரின் மெத்தைக் கடையில் விற்பனையாளராக வேலை பார்த்தாள். கணவன் பெரியதம்பி எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினான். இரண்டு பேரும் ஒரே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். இப்போது பாயா ரும்புட்டில் ஒரு வரிசை வீட்டில் இருந்தார்கள். முந்தின வருடம் அலோர் காஜாவில் புதிதாகத் திறந்த பேரங்காடியில் அதிர்ஷ்டக் குலுக்கல் வைத்தார்கள். முதல் பரிசு மோட்டார் சைக்கிள், இரண்டாம் பரிசு குளிர்பெட்டி. ஜானகிக்கு அந்தக் குளிர்பெட்டி மேல் ஒரு கண். மூன்றாம் பரிசு ‘உங்கள் வாழ்வை நிறைவாக்கும் அன்பளிப்பு’ என்று மட்டும் எழுதியிருந்தது. அதுதான் அவளுக்கு விழுந்தது. பெரியதம்பி அதை ஏற்றிக்கொண்டு வர லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அங்கே போன பிறகுதான், அது ஸ்ரீ அனிச்சம் நிலையம் தரும் இலவச மார்பழகு சிகிச்சை என்று தெரிந்தது.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சும்மா கிடைப்பதை எப்படி விடுவது என்று நாத்தனார் பெத்தம்மாள் கேட்டாள். தனக்கு மட்டும் விழுந்திருந்தால் இரண்டு தடவை போட்டுக்கொண்டிருப்பேன் என்றாள். ஜானகிக்கும் மனசுக்குள் ஒன்று இருந்தது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் அவளுக்குப் ‘பலகை’ என்று பெயர். வைத்தவள் பாக்கியலட்சுமி. ஆறாம் வகுப்பிலிருந்து கல்யாணம் ஆகும்வரை, தோட்டமே அவளைப் பலகை என்றுதான் கூப்பிட்டது. கல்யாணப் பத்திரிகையைப் படித்துவிட்டு, ஜானகி யார் என்று கேட்டவர்களும் உண்டு.

உப்புநீர் நிரப்பிய இரண்டு பைகளை உள்ளே வைத்தார்கள். முதல் சில வாரங்கள் ஜானகி சந்தோஷமாகவே இருந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கண்ணாடி முன்னால் முன்பைவிட அதிக நேரம் நின்றாள். பிறகு ஒரு கல்யாணத்தில் பாக்கியலட்சுமியைப் பார்த்தாள். வேண்டுமென்றே நேராகப் போய் எதிரில் நின்றாள். பாக்கியலட்சுமிக்குப் பலகை என்ற பெயரே நினைவில் இல்லை. ஜானகியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “கொஞ்சம் உடம்பு போட்டிருக்கே. சோத்தைக் கொறைச்சுக்கோலா” என்றாள். அவ்வளவுதான். இருபது வருஷக் கணக்கு அந்தப் பந்தியிலேயே முடிந்துவிட்டது.

மிச்சம் இருந்தது அந்த இரண்டு பைகள். ஜானகி பிறந்ததிலிருந்து குப்புறப் படுத்தே தூங்கியவள். வேறு விதமாகப் படுத்தால் அவளுக்குத் தூக்கம் வராது. இப்போது குப்புறப் படுத்தால் இரண்டு தேங்காய் மேல் படுத்த மாதிரி இருந்தது. சில மாதங்களில் இடது பக்கம் கொட்டாங்கச்சியாக இறுகி வலிக்கவும் ஆரம்பித்தது. ஒரு வருடமாக அவள் சரியாகத் தூங்கவில்லை. மெத்தைக் கடையில் வேலை என்பதால் நாள் முழுக்க ஆட்கள் வந்து, “எந்த மெத்தைலக்கா நல்லா தூக்கம் வரும்?” என்று கேட்டார்கள். ஒருநாள் அப்படிக் கேட்ட ஒரு பெரியவரிடம் பதில் சொல்ல வாயெடுத்து அழுதுவிட்டாள். அவர் பயந்துபோய் பாய் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் ஜானகி லீவு சொல்லிவிட்டு மலாக்காவுக்குப் பஸ் ஏறினாள்.

தாரணி அவளை இயக்குநரின் அறைக்கு அழைத்துப் போனாள். டாக்டர் புவனேந்திரன் கனிவான மனிதர். யார் எதைச் சொன்னாலும் முழுவதும் கேட்டுவிட்டு, கேட்காத மாதிரியே பதில் சொல்வார்.

“எதுக்கும்மா எடுக்கணும்?”

“குப்புறப் படுத்துத் தூங்கணும் டாக்டர்.”

“அதுக்காகவா?”

“ஆமா டாக்டர். எடது பக்கம் வலிக்கவும் செய்யுது.”

டாக்டர் எழுந்து ஜன்னலருகே போனார். “ஜானகிம்மா, நாடு எங்க போய்க்கிட்டிருக்கு பாருங்க. எல்லாப் பக்கமும் வளர்ச்சி. கோலாலம்பூர்ல ரெண்டு கோபுரம் எழுந்து நிக்குது. உலகத்துலயே உயரம். அதை எறக்குங்க, எனக்குத் தூக்கம் வரலன்னு யாராச்சும் கேட்டாங்களா? இன்னும் இருபத்து நாலு வருஷத்துல நாம முழுசா வளர்ந்த நாடு. அன்னைக்கு நீங்க மட்டும் தட்டையா நின்னா எப்படியிருக்கும்?”

“நான் நிக்க மாட்டேன் டாக்டர். படுத்திருப்பேன்.”

டாக்டர் அதைக் கேட்டார். “நல்லது. எங்க நிலையம் சீக்கிரம் தரச் சான்றிதழ் வாங்கப் போவுது. அதுக்காக எல்லா வேலைக்கும் முறை எழுதி வெச்சிருக்கோம். உள்ள வைக்கிறதுக்கு நாப்பது பக்கம் முறை இருக்கு. வெளிய எடுக்கறதுக்கு முறையே இல்ல. முறையில்லாத வேலையை நாங்க செஞ்சா அது முறைகேடு. உங்களுக்காக நான் முறைகேடு செய்யணும்னு சொல்றீங்களா?”

ஜானகி அப்படிச் சொல்லவில்லை என்றாள். அவள் நேர்மையைப் பாராட்டி டாக்டர் ஒரு கலெண்டர் கொடுத்தார்.

அடுத்த வாரம் பெரியதம்பியை வரச் சொன்னார்கள். கணவரின் கருத்தைக் கேட்பது நிலையத்தின் வழக்கமாம். அவன் குலை இறக்கிவிட்டு நேராக வந்தான். சட்டையில் எண்ணெய்க் கறை இருந்ததால், நாற்காலியில் பிளாஸ்டிக் விரித்து உட்கார வைத்தார்கள்.

“உங்க மனைவியோட முன்னேற்றத்தைப் பத்தி நீங்க என்ன நெனைக்கிறீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

பெரியதம்பி தரையைப் பார்த்தான். “நான் லாரி ஓட்டறேன் டாக்டர்.”

“பரவாயில்ல, சொல்லுங்க. உங்களுக்குத் திருப்திதானே?”

“அவ தூங்கினா எனக்குத் திருப்தி.”

“திருப்தி,” என்று டாக்டர் தாரணியைப் பார்த்துச் சொன்னார். தாரணி பெரியதம்பியின் சார்பாக ஒரு பூவை எடுத்துப் ‘பெருமகிழ்ச்சி’ ஜாடியில் போட்டாள்.

ஆனாலும் ஜானகி விடவில்லை. வாராவாரம் வந்து, “எடுக்கணும்” என்றாள். வேறு வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சொல் கேட்பது நல்லதல்ல என்று நிலையம் கூடிப் பேசியது. கோளாறு தாங்கள் வைத்ததில் இல்லை, ஜானகி படுக்கும் விதத்தில்தான் இருக்கிறது என்று முடிவானது. அவளுக்கு மல்லாந்து படுக்கக் கற்றுக்கொடுக்க நிவேந்திரன் மாஸ்டர் என்பவரை ஏற்பாடு செய்தார்கள். அவர் அதற்கு முன் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவர்.

வகுப்பு, நிலையத்தின் மாடியில் ஒரு கட்டிலில் நடந்தது. ஜானகி மட்டும்தான் மாணவி. தாரணி பார்வையாளர்.

“மல்லாந்து படுக்கறது சுலபம்,” என்றார் மாஸ்டர். “எல்லாரும் தப்பு பண்றது திரும்பும்போதுதான். ஒடனே திரும்பிடக் கூடாது. மொதல்ல பாக்கணும். அப்பறம் யோசிக்கணும். இந்தப் பக்கம் திரும்பத்தான் வேணுமான்னு.”

“தூக்கத்துல எப்படி மாஸ்டர் யோசிக்கறது?”

“பழகினா வரும்லா. கிளச் மாதிரி.”

பிறகு அவர் செய்துகாட்டப் படுத்தார். கையை நெஞ்சின்மேல் வைத்தார். மதியச் சாப்பாடு முடிந்த நேரம், அறையில் ஏர்கொண்டிஷன் வேறு. மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விடச் சொல்லிக்கொண்டே இருந்தவரின் பேச்சு நின்றது. சற்று நேரத்தில் குறட்டை வந்தது. அதற்கும் சற்று நேரத்தில் மாஸ்டர் எதையும் பார்க்காமல், யோசிக்காமல், அப்படியே புரண்டு குப்புறப் படுத்துக்கொண்டார்.

ஜானகி பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையணைக்கு அடியில் ஒரு கை, ஒரு கால் மடங்கி, வாய் லேசாகத் திறந்து. அவ்வளவு ஏக்கத்தோடு அவள் எந்த ஆம்பளையையும் பார்த்ததில்லை.

மாஸ்டர் தவறான முறையைத்தான் விளக்கமாகச் செய்துகாட்டினார் என்று டாக்டர் சொன்னார்.

அடுத்து, நிலையத்தின் ஆய்வுப் பிரிவு ஒரு மெத்தை கண்டுபிடித்தது. ஆய்வுப் பிரிவு என்பது டாக்டரின் மைத்துனர். சாதாரண மெத்தையில் இரண்டு ஓட்டை போட்டால் குப்புறவும் படுக்கலாம், உள்ளே உள்ளதும் பத்திரமாக இருக்கும் என்று அவர் கண்டுபிடித்தார். வேனில் கொண்டுவந்து ஜானகி வீட்டில் இறக்கினார்கள். அளவு எடுக்காமலே வெட்டியிருந்ததால் ஓட்டைகள் அவள் இடுப்புக்கு நேராக வந்தன. தலைகீழாகப் போட்டுப் பார்த்தார்கள். முழங்காலுக்கு நேராக வந்தன. பெரியதம்பி தெரியாமல் ஒன்றில் முழங்கையை விட்டு, தோள் சுளுக்கி ஒரு வாரம் லாரி எடுக்கவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுப் பூனை வந்து, ஒரு ஓட்டையில் குட்டி போட்டது. அந்த மெத்தையில் நிம்மதியாகத் தூங்கிய ஒரே குடும்பம் அது.

இதற்கிடையில் நிலையம் ஒரு விளம்பரப் பலகை வைத்தது. பாயா ரும்புட் போகும் சாலையில், லாரியிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு நேராகத் தெரியும் உயரத்தில். பரிசு வாங்கியவர்களின் படத்தைப் போட்டுக்கொள்ள நிலையத்துக்கு உரிமை உண்டாம். ‘முன்பு’ என்று ஒரு ஜானகி, ‘இப்போது’ என்று ஒரு ஜானகி. ஆனால் கழுத்துக்குக் கீழே எதையும் காட்டக் கூடாது என்று நகராண்மைக் கழகம் சொல்லிவிட்டது. ஆகவே இரண்டு படத்திலும் கழுத்துவரைதான். ‘முன்பு’ படத்தில் உம்மென்று இருந்தாள். ‘இப்போது’ படத்தில் சிரித்தாள். என்ன மாறியது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பல் கட்டியிருக்கிறாள் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். மெத்தைக் கடைச் சீன முதலாளி தவுக்கேகூட, எந்தப் பல் டாக்டர் என்று விசாரித்தார்.

பெரியதம்பி தினமும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒருநாள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான்.

“என்னங்க?”

“அந்தப் படத்துல நீ சிரிக்கிற,” என்றான். “வீட்டுல நீ சிரிச்சு ஒரு வருஷமாவுது. லாரிய நிறுத்தி எவ்ளோ நேரம் பாக்கறது?”

ஜானகி மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மலாக்கா அரசாங்க மருத்துவமனைக்குப் போனாள். நம்பர் எடுத்து, பெஞ்சில் உட்கார்ந்தாள். அரசாங்க இடம், இங்கே எத்தனை கூட்டம் போடுவார்களோ, எத்தனை மாஸ்டர்களை அனுப்புவார்களோ என்று பயமாக இருந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள் மலாயில் அடுக்கி வைத்துக்கொண்டாள். அவள் முறை வந்தது. உள்ளே ஒரு வயதான மலாய் டாக்டரம்மா இருந்தார். ஜானகியைப் படுக்க வைத்து இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார். இடது பக்கம் கை வைத்ததும் முகத்தைச் சுளித்தார். “ஏன் எடுக்க வேண்டும் என்கிறாய்?” என்று மலாயில் கேட்டார்.

“தாக் போலே தீடோர், டாக்டர்,” என்றாள் ஜானகி. தூங்க முடியவில்லை.

“ஓக்கேலா,” என்றார் டாக்டரம்மா. சிகிச்சைக்கு நாள் குறித்தார்.

ஜானகி எழுந்திருக்கவில்லை. இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று உட்கார்ந்தே இருந்தாள். நர்ஸ் வந்து, அடுத்த ஆள் காத்திருப்பதாகச் சொன்ன பிறகுதான், முடிந்துவிட்டது என்று புரிந்தது.

சொன்ன நாளில் எடுத்துவிட்டார்கள். காயம் ஆறியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜானகி பழைய மெத்தையில் குப்புறப் படுத்தாள். மறுநாள் காலைவரை எழவில்லை. பெரியதம்பி நடுநடுவே வந்து மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டுப் போனான். எழுந்ததும் கண்ணாடியில் பார்த்தாள். பழைய பலகைதான், இரண்டு தழும்போடு. கொஞ்சம் அழுகை வந்தது. அது முடிந்ததும் பசி வந்தது.

சாலையோரப் பலகை மட்டும் அப்படியே இருந்தது. அதை எடுக்கச் சொல்லிப் போன் போட்டால், ‘மகிழ்ச்சிக்கு எண் ஒன்றை அழுத்தவும்’ என்று பதிவுக் குரல் சொன்னது. ஒருநாள் தாரணியே போன் செய்தாள்.

“அக்கா, கோலாலம்பூர்லருந்து தரம் பாக்க வர்றாங்க. திருப்தியான வாடிக்கையாளர் ஒருத்தரை நேர்ல பாக்கணுமாம். நீங்க ஒரு தடவ வந்துட்டுப் போங்கக்கா.”

“போர்டை எறக்குவீங்களா?”

“டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க. நேர்ல வந்தா கேக்கலாம்லா.”

ஜானகி ஒரு பஞ்சாபி சூட் போட்டுக்கொண்டு போனாள். வரவேற்பு அறையில் வாழைமரம் கட்டியிருந்தது. தர ஆய்வாளர் ஒரு சீனப் பெண்மணி. கண்ணாடி போட்டு, கையில் பேனாவோடு இருந்தார். டாக்டர் புவனேந்திரன் நிலையத்தின் வரலாற்றைச் சொல்லி முடித்து, “இதோ எங்கள் சாதனை” என்று மலாயில் அறிவித்துக் கையை நீட்டினார். ஜானகி வந்து நின்றாள்.

ஆய்வாளர் ஜானகியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “எங்கே?” என்று கேட்டார்.

டாக்டரின் மைத்துனர் நாற்காலி இல்லாத இடத்தில் உட்காரப் போனார். ஆனால் டாக்டர் புவனேந்திரன் சும்மா இயக்குநர் ஆனவர் இல்லை.

“அதான் மேடம் எங்க தரம்,” என்றார் மலாயிலேயே. “மத்த எடத்துல வெச்சா பத்தடி தூரத்துலயே தெரியும். அது அழகு இல்ல, விளம்பரம். நாங்க வெச்சா, வெச்சதே தெரியாது. இயற்கைக்கும் எங்களுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.”

ஆய்வாளர் எழுத ஆரம்பித்தார்.

“நான் கவர்மெண்ட் ஆஸ்பத்திரில எடுத்துட்டேன் டாக்டர்,” என்றாள் ஜானகி.

“பாருங்க மேடம்,” என்றார் டாக்டர், குரல் தழுதழுக்க. “அவங்களுக்கே இருக்கறது தெரியல.”

எல்லோரும் கை தட்டினார்கள். ஆய்வாளரும் தட்டினார். தரச் சான்றிதழ் கிடைப்பது உறுதியாயிற்று. படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். டாக்டருக்கும் ஆய்வாளருக்கும் நடுவில் ஜானகி நிற்க வேண்டுமாம். ஜானகி நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

“போர்டை எறக்குங்க. அப்பறம் நிக்கறேன்,” என்றாள் தமிழில்.

“அதெல்லாம் பிறகு பேசிக்கலாம்மா.”

“பிறகு இல்ல டாக்டர். இப்ப போன் பண்ணுங்க. இல்லன்னா மேடத்துக்கிட்ட சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டறேன். எனக்கு வெக்கமெல்லாம் உங்க மாடிலயே போயிருச்சு.”

டாக்டர் கேட்டார். இந்தத் தடவை கேட்ட மாதிரியே பதில் சொன்னார். போன் செய்தார். ஏணியோடு ஆள் கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்த பிறகு ஜானகி படத்துக்கு நின்றாள். சிரிக்கச் சொன்னார்கள். அவள் சிரிக்கவில்லை, பக்கத்தில் ஆய்வாளர் சிரித்தார். அது போதுமென்று விட்டுவிட்டார்கள்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றாள். வெயில் சுள்ளென்று இருந்தது. பின்னாலேயே தாரணி வேகமாக வந்தாள், மூச்சு வாங்கியது. கையில் இரண்டு பொட்டலம் மீகோரிங் நூடுல்ஸ் இருந்தது. விருந்தில் கொடுத்ததாம். ஒன்றை ஜானகியிடம் நீட்டினாள்.

“அக்கா, அந்த கவர்மெண்ட் ஆஸ்பத்திரி. எந்தப் பக்கம் போய் நம்பர் எடுக்கணும்?”

ஜானகி அவளைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், பிறகு கழுத்துக்குக் கீழே பார்த்தாள்.

“நீயுமா?”

“வேலைக்குச் சேரும்போதே வெச்சாங்கக்கா. அதிகாரின்னா நாமளே எடுத்துக்காட்டா இருக்கணும்னாங்க.”

“யார்கிட்டயும் சொல்லலையா?”

“யார்கிட்ட சொல்றது? புகார் சொன்னா என்கிட்டதான் வரணும்.”

பஸ் ஒன்று வந்தது. கோலா சுங்கை பாரு போகிற பஸ், இவர்களுடையது இல்லை. அது புழுதி கிளப்பிவிட்டுப் போனது.

“காலையில சீக்கிரம் போயிரு. கூட்டமா இருக்கும்,” என்றாள் ஜானகி. “டாக்டரம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாங்க. ஏன் எடுக்கணும்னு. அதுக்குப் பதில் தெரிஞ்சு வெச்சுக்கோ.”

தாரணி பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு யோசித்தாள். நிலையத்தின் கண்ணாடிக் கதவு இங்கிருந்து தெரிந்தது. அதற்கு முன்னால் சிரித்தே பழகியவள், இப்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“சிரிச்சா வலிக்குதுக்கா,” என்றாள், சிரிக்காமல்.